நடைபாதையில் விரித்த முதல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வார்விக் சந்திப்பு என்றோர் இடம் உண்டு. ரயில் நிலையமும் பேருந்து நிறுத்தங்களும் சிற்றுந்துகள் வந்து நிற்கும் திடல்களும் அங்கே ஒன்றையொன்று ஒட்டி அமைந்திருப்பதால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,60,000 பேர் அந்த இடத்தைக் கடந்து போவதாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நடந்தே கடக்கிறார்கள். நடந்து போகிறவர் கண்ணில் படும்படி தக்காளி, வாழைப்பழம், செருப்பு, மணிமாலை, மூலிகை வேர், அவித்த மக்காச்சோளக் கதிர் என்று விரித்து வைத்து 5,000க்கும் மேற்பட்ட வியாபாரிகள் அங்கே பிழைக்கிறார்கள். விடியுமுன் மொத்தச் சந்தைக்குப் போய்ச் சரக்கு எடுத்து, மாலைக்குள் அதை விற்று, விற்ற பணத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கும் மறு பகுதியை மறுநாள் கொள்முதலுக்கும் ஒதுக்குவது அவர்களில் பலருடைய அன்றாடக் கணக்கு.

வியாபாரத்தில் போடும் பணத்தை நாம் முதல் என்கிறோம். கடை வைத்திருப்பவரின் முதல் கட்டடத்தில், கிடங்கில், வங்கிக் கணக்கில், மொத்த வியாபாரி தரும் கடனில் என்று பல இடங்களில் பிரிந்து கிடக்கும். தெருவோர வியாபாரியின் முதல் முழுவதும் அவர் முன்னால் விரித்த சாக்கின் மேல் இருக்கிறது. ஆப்பிரிக்க நகரங்களின் தெருவோர வியாபாரச் சட்டங்கள் ஏழைகளை எப்படிப் பாதிக்கின்றன என்று கேட்பவர்கள் முதலில் இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏனென்றால், அந்தச் சட்டங்களில் எழுதியிருக்கும் அபராதத் தொகையைக் காட்டிலும், சாக்கைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் அதிகாரமே வியாபாரியின் வாழ்வைத் தீர்மானிக்கிறது.

இது சிறுபான்மையினர் சிலரின் சிக்கல் அன்று. ஆப்பிரிக்கக் கண்டத்தில் வேலை செய்வோரில் 85.8 விழுக்காட்டினர் முறைசாராப் பணிகளில், அதாவது பதிவோ சட்டப் பாதுகாப்போ இல்லாத வேலைகளில், இருப்பதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. அவர்களில் விவசாயத்தை விட்டு நகரத்துக்கு வந்தவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, மிகக் குறைந்த முதலில் தொடங்கக்கூடிய தொழில் தெருவோர விற்பனைதான். ஆகவே ஒரு மாநகராட்சி நடைபாதையைப் பற்றி எழுதும் விதி, அதை எழுதுகிறவர்கள் அப்படி நினைக்காவிட்டாலும், அந்த நகரின் மிகப் பெரிய தொழில் சட்டங்களில் ஒன்றாக ஆகிவிடுகிறது.

டர்பனை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் அங்கே இந்த வரலாறு ஒன்றேகால் நூற்றாண்டு நீளத்துக்குத் தெளிவாகக் கிடைக்கிறது என்பதோடு, அதன் தொடக்கத்தில் தமிழர்கள் இருக்கிறார்கள் என்பதுமாகும். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்த காலம் முடிந்தவர்களில் பலர் ஊர் திரும்பாமல் நகரைச் சுற்றிச் சிறு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டார்கள். விளைந்ததைக் கூடைகளில் இட்டு, ஒரு கம்பின் இரு முனைகளிலும் காவடிபோலத் தொங்கவிட்டுச் சுமந்து, வீடு வீடாக விற்றார்கள். அப்படி வந்த ஒவ்வொருவரையும் வெள்ளையர்கள் ‘சாமி’ என்று அழைத்தார்கள். ராமசாமி என்பது போன்ற பெயர்களின் கடைசித் துண்டு, தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் இந்தியக் காய்கறிக்காரருக்கான ஏளனப் பெயராகவே நிலைத்துவிட்டது.

அந்தக் காலத்தில்தான் உரிமம் என்னும் கருவி அங்கே கூர்மையானது. டர்பன் அடங்கிய நட்டால் குடியேற்றத்தின் அரசு 1897இல் நிறைவேற்றிய வணிகர் உரிமச் சட்டத்தில் இந்தியர் என்ற சொல்லே கிடையாது. உரிமம் தருவதும் மறுப்பதும் உரிம அதிகாரியின் விருப்பம். மறுத்தால் நகர மன்றத்திடம் முறையிடலாம், நீதிமன்றத்துக்குப் போக முடியாது. கணக்குப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். கடை சுகாதாரமாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்ட இந்த வாசகங்கள், போட்டியாக வந்த இந்திய வணிகர்களை ஒதுக்குவதற்கே பயன்பட்டன. காந்தி இந்தச் சட்டத்தை எதிர்த்துத் தொடர்ந்து எழுதினார். சுகாதாரம், ஒழுங்கு, நகரத் தோற்றம் ஆகிய சொற்களை முன்னிறுத்தி, யார் விற்கலாம் என்பதை ஓர் அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டுவிடும் அந்த அமைப்பு முறை, காலனி ஆட்சி முடிந்த பிறகும் கண்டம் முழுவதும் பல மாநகராட்சிகளின் விதிப் புத்தகங்களில் உயிரோடு இருக்கிறது.

காய்கறி விவசாயிகள் விடியற்காலையில் தெருவில் கூடி நடத்திய சந்தைக்கு 1934இல் வார்விக் அவென்யூவில் ஒரு நிலையான இடம் கிடைத்தது. அதிகாலைச் சந்தை என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. ஆப்பிரிக்கர்களின் நிலை இதைவிட மோசம். நகருக்குள் இருப்பதற்கே அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் 1986 வரை நீடித்தது. இருக்கவே உரிமை இல்லாதவருக்கு விற்கும் உரிமை எங்கிருந்து வரும்? விற்றவர்கள் ஒரே இடத்தில் சில நிமிடங்களுக்கு மேல் நிற்கக் கூடாது, நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற விதியும் பல நகரங்களில் இருந்தது. கூடையும் குழந்தையுமாக நிற்கும் ஒரு பெண்ணுக்கு அந்த விதியின் பொருள் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை.

இன ஒதுக்கல் ஆட்சி தளர்ந்துவந்த நாட்களில், 1991ஆம் ஆண்டின் 71ஆம் எண் வணிகச் சட்டம் இந்த அமைப்பைத் தலைகீழாகத் திருப்பியது. சமைத்த உணவு, கெட்டுப்போகும் உணவு போன்ற சிலவற்றைத் தவிர மற்றவற்றை விற்க உரிமமே வேண்டாம் என்றானது. விரைவிலேயே டர்பன், ஜொகன்னஸ்பர்க் நகரங்களின் நடைபாதைகள் நிறைந்தன. இடமும் தண்ணீரும் கழிப்பறையும் இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் கூடினால் ஏற்படும் நெருக்கடி உண்மையாகவே ஏற்பட்டது. 1993இல் கொண்டுவந்த திருத்தம் மாநகராட்சிகளுக்குத் துணைவிதி எழுதும் அதிகாரத்தைத் திருப்பித் தந்தது: தடைசெய்யப்பட்ட பகுதி, கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்று தெருக்களைப் பிரிக்கலாம், குத்தகைக்கு இடம் ஒதுக்கலாம், விதி மீறியவரின் சரக்கைப் பறிமுதல் செய்யலாம்.

ஆனால் அந்தத் திருத்தத்தில் ஒரு சிறிய நிபந்தனை உண்டு; இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பகுதியில் விற்பனையைத் தடைசெய்யுமுன் மாநகராட்சி சிலவற்றை ஆராய வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. மேற்பார்வையைச் சீராக்கினால், வியாபாரிகளோடு பேசினால், இந்தத் தடையே தேவைப்படாமல் போகுமா? இந்தத் தடை கணிசமான எண்ணிக்கையிலான வியாபாரிகளைத் தொழிலை விட்டே விரட்டிவிடுமா? தடை விதிப்பவர்கள் அதன் விளைவை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும் என்று சட்டமே கேட்பது அரிது. அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதிய மாநகராட்சியைக் காண்பது அதைவிட அரிது.

ஒரு துணைவிதி நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். அரசுக் கட்டடத்தின், வழிபாட்டுத் தலத்தின், வங்கிப் பணப் பொறியின் ஓரத்தில் விற்கக் கூடாது. தெருமுனைக்கு அருகில் கூடாது. தீயணைப்புக் குழாயை மறைக்கக் கூடாது. அதே பொருளை விற்கும் கடையின் முன்னால் அந்தக் கடைக்காரரின் சம்மதமின்றி விற்கக் கூடாது. ஒவ்வொரு விதியும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தெரியும். எல்லாவற்றையும் ஒரு வரைபடத்தின் மேல் வரைந்து பார்த்தால், ஆள் நடமாட்டம் மிகுந்த நகர மையத்தில் சட்டப்படி உட்காரக்கூடிய இடம் மிகக் குறைவாக எஞ்சும். எஞ்சிய இடத்தில்தான் மாநகராட்சி கோடு போட்டு எண் கொடுத்து, அந்த எண்ணுக்கு ஒரு உரிமம் என்று வழங்குகிறது. ஆக, எத்தனை பேர் சட்டபூர்வ வியாபாரிகள் என்பதை வியாபாரிகளின் எண்ணிக்கையோ நகரத்தின் தேவையோ தீர்மானிப்பதில்லை. வரைந்த கோடுகளின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. கோட்டுக்கு வெளியே இருப்பவர் குற்றம் செய்ய விரும்பி அங்கே உட்காரவில்லை. அவருக்குக் கோடே போடப்படவில்லை.

உரிமத்தின் தட்டுப்பாடு வேறு பல நோய்களுக்கும் வித்தாகிறது. தேவைக்கு மிகக் குறைவாக வழங்கப்படும் எந்தச் சீட்டுக்கும் கள்ளவிலை உண்டாகும். உரிமம் பெற்றவர் அதை இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவார். ஒதுக்கீட்டைக் கையில் வைத்திருப்பவர் ‘கவனிப்பு’ எதிர்பார்ப்பார். தெருவில் ரோந்து வரும் காவலருக்கு அன்றாடம் ஏதாவது தர வேண்டியிருக்கும். இவையெல்லாம் ஏட்டில் வராத வரிகள். கானாவின் அக்ரா நகரில் இதற்கும் மேலே ஒரு விந்தை உண்டு. மாநகரப் பேரவையின் வசூல்காரர்கள் தெருவோர வியாபாரிகளிடம் அன்றாடக் கட்டணம் வாங்கிச் சீட்டும் கிழித்துத் தருகிறார்கள். அதே பேரவையின் அகற்றும் படை அதே வியாபாரிகளைச் சட்டவிரோதமாக உட்கார்ந்தவர்கள் என்று கலைக்கிறது. கட்டணம் கட்டிய சீட்டு, அந்த இடத்தில் இருக்கும் உரிமைக்குச் சான்றாக மாறுவதில்லை.

இப்போது பறிமுதலுக்கு வருவோம். ஒரு பெண் தென்னாப்பிரிக்க நாணயத்தில் 500 ராண்டுக்குப் பழம் வாங்கி வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 500இல் பாதி கைமாற்று. அன்று அவருக்குக் கிடைக்கக்கூடிய லாபம் நூற்றுச் சொச்சம். துணைவிதியை மீறியதற்காக அவருக்கு அபராதம் மட்டும் விதித்தால், அதைச் சில நாட்களில் கட்டி முடித்துவிடலாம்; எதிர்த்து முறையிடவும் வழி உண்டு. பழக்கூடையை வண்டியில் ஏற்றிவிட்டால் முதலும் போய், கடனும் நின்று, மறுநாள் கொள்முதலுக்கும் கையில் காசில்லை. சரக்கை மீட்க வேண்டுமானால் அபராதத்தோடு கிடங்குக் கட்டணமும் செலுத்த வேண்டும், அதற்கு ஒரு நாள் வேலையை விட்டு அலைய வேண்டும், அதற்குள் பழம் அழுகிவிடும். குற்றம் உண்டா இல்லையா என்று நீதிபதி சொல்லுமுன்னே தண்டனை முழுமையாக நிறைவேறிவிடுகிறது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உள்ள விசாரணை உரிமை, தெருமுனைக்கு ஓரடி அருகில் உட்கார்ந்த பழக்காரிக்கு இல்லை.

டர்பனில் இந்த அதிகாரத்தை ஒருவர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். காலணி விற்ற அவர் உரிமம் பெற்றவர். 2013இல் அவருடைய சரக்கைப் பறித்துக்கொண்டு போனார்கள், அது திரும்ப வரவே இல்லை. சட்ட உதவி அமைப்பு ஒன்றின் துணையோடு அவர் தொடுத்த வழக்கில், 2015 பிப்ரவரியில் டர்பன் உயர் நீதிமன்ற நீதிபதி தயா பிள்ளை, பறிமுதலுக்கு வரம்பற்ற அதிகாரம் தந்த துணைவிதிப் பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். இழப்பீடு தரவும் உத்தரவிட்டார். ஒரு சிறு வியாபாரியின் சில ஜோடிச் செருப்புகளும் அரசியல் சாசனம் காக்கும் சொத்துதான் என்பதை அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. அதன் பிறகு பறிமுதல் ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் கேள்வி கேட்க ஒரு பிடி கிடைத்திருக்கிறது.

ஜொகன்னஸ்பர்கில் நடந்தது இதைவிடப் பெரியது. 2013 அக்டோபர் இறுதியில் அந்த நகரின் நிர்வாகம் ‘ஆபரேஷன் க்ளீன் ஸ்வீப்’ என்ற பெயரில் நகர மையத்திலிருந்து ஆயிரக்கணக்கான வியாபாரிகளை ஒட்டுமொத்தமாக அகற்றியது. உரிமம் இல்லாதவர்களோடு, பல ஆண்டுகளாக உரிமம் வைத்து வாடகை கட்டிவந்தவர்களும் அகற்றப்பட்டார்கள் என்பதே இதை எதிர்த்து எழுந்த வழக்கின் உயிர்நாடி. ஆவணங்களைச் சரிபார்த்தபின் திரும்பலாம் என்றார்கள்; வரிசையில் நின்று சரிபார்த்து முடித்தவர்களையும் திரும்ப விடவில்லை. வருமானம் நின்றுபோய் ஒரு மாதம் ஆன நிலையில், வியாபாரிகள் தொடுத்த வழக்கை அவசர வழக்காக ஏற்க முகாந்திரமில்லை என்று உயர் நீதிமன்றம் ஒதுக்கியது. அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் உண்பவருக்கு எது அவசரம் என்பதை அளக்க நீதிமன்றங்களிடம் அப்போது அளவுகோலே இல்லை என்று இதைப் படிக்கும்போது தோன்றுகிறது.

வியாபாரிகள் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2013 டிசம்பர் 5 அன்று அந்த நீதிமன்றம் அவர்களைத் தங்கள் இடங்களுக்குத் திரும்ப அனுமதித்து இடைக்கால ஆணை பிறப்பித்தது. அன்றிரவுதான் நெல்சன் மண்டேலா காலமானார் என்பதால் அந்தச் செய்தி உலகின் கண்ணில் படாமல் போயிற்று. 2014 ஏப்ரலில் காரணங்களை விளக்கித் தற்காலிகத் தலைமை நீதிபதி மோசெனெகே எழுதிய தீர்ப்பு, தானும் தன் குடும்பமும் பிழைப்பதற்குச் சம்பாதிக்கும் வாய்ப்பு மனித கண்ணியத்தின் முக்கியமான ஒரு பகுதி என்று கூறியது. அந்த வியாபாரிகளின் குழந்தைகளின் பசியையும் கணக்கில் எடுத்தது. தெருவோர வியாபாரத்தைப் போக்குவரத்து இடையூறு என்ற தலைப்பிலிருந்து எடுத்துக் கண்ணியம் என்ற தலைப்பின் கீழ் வைத்த அந்த மாற்றம், மற்ற நாட்டு வழக்கறிஞர்களுக்கும் எடுத்துக்காட்டக் கூடியதாக இருக்கிறது.

இத்தகைய நடவடிக்கைகளுக்கு வைக்கும் பெயர்களையும் கவனிக்க வேண்டும். ஜொகன்னஸ்பர்கில் வைத்த பெயருக்கு ‘சுத்தமாகப் பெருக்குதல்’ என்று பொருள். ஜிம்பாப்வேயில் 2005 மே மாதம் தொடங்கியதற்கு ‘முரம்பட்ஸ்வினா’ என்று பெயர். ஷோனா மொழியில் குப்பையை விரட்டு என்பது அதன் கருத்து. ஹராரேயில் தொடங்கிப் பிற நகரங்களுக்கும் பரவிய அந்த நடவடிக்கையில் கடைகளும் சந்தைகளும் வீடுகளும் இடிக்கப்பட்டன. ஐ.நா. தூதராகச் சென்ற அன்னா திபைஜுகா, ஏறத்தாழ 7,00,000 பேர் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தார்கள் என்று அந்த ஆண்டு ஜூலையில் அறிக்கை அளித்தார். தங்கள் செயலுக்குச் சட்ட ஆதாரமாக அரசு காட்டியது 1976ஆம் ஆண்டின் நகரத் திட்டமிடல் சட்டத்தை. வெள்ளைச் சிறுபான்மை ஆட்சி எழுதிய சட்டத்தைக் கையில் எடுத்து, விடுதலை பெற்ற நாட்டின் அரசு தன் மக்களின் கூரைகளைப் பெயர்த்தது.

நைஜீரியாவின் லாகோஸ் மாநிலம் 2003இல் இயற்றிய சட்டம் விற்பவரோடு வாங்குபவரையும் குற்றவாளியாக்கியது. 90,000 நைரா அபராதம் அல்லது ஆறு மாதச் சிறை என்பது அதன் தண்டனை. நெரிசலில் நிற்கும் வாகனங்களிடையே ஓடி ஓடிப் பாக்கெட் தண்ணீர் விற்கும் இளைஞர் ஒருவரால் அந்தத் தொகையைக் கட்ட முடியாது என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாதிருக்க வழியில்லை. இப்படிக் கட்டவே முடியாத அபராதம் நீதிமன்றம் வரை போவது குறைவு. தெருவிலேயே பேரம் பேச உதவும் அச்சுறுத்தலாக அது ஆகிவிடுகிறது. 2016இல் அமலாக்கப் படையினருக்குப் பயந்து ஓடிய ஒரு வியாபாரி வாகனத்தில் அடிபட்டு இறந்தார். ஆத்திரமுற்ற கூட்டம் பேருந்துகளை உடைத்தது. அதற்குப் பதிலாக மாநில அரசு தடையை இன்னும் கடுமையாக அமல்படுத்தப் போவதாக அறிவித்தது.

தான்சானியாவின் வழி வேறு. அங்கே தெருவோர வியாபாரிகளை மச்சிங்கா என்பார்கள். 2018 டிசம்பரில் அதிபர் மகுஃபுலி, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ஷில்லிங்குக்குக் குறைந்த வியாபாரிகளுக்கு 20,000 ஷில்லிங் கட்டணத்தில் அடையாள அட்டை வழங்கினார். அட்டை உள்ளவரைத் தொல்லை செய்யக் கூடாது என்றும் சொன்னார். வியாபாரிகள் முதன்முறையாக அரசின் முன் தலைநிமிர்ந்தார்கள். ஆனால் அந்த அட்டை ஆளை அங்கீகரித்ததே தவிர அவர் உட்கார்ந்த இடத்தை அங்கீகரிக்கவில்லை. அதன் பின்னால் இருந்தது அதிபரின் வாக்கு, துணைவிதிகளில் செய்த மாற்றம் அன்று. 2021இல் அவர் காலமாகி ஆட்சி கைமாறியது; அந்த ஆண்டு அக்டோபரிலேயே தார் எஸ் சலாமின் தெருக்களிலிருந்து மச்சிங்காக்கள் அகற்றப்பட்டார்கள். அட்டை பையில் இருந்தது. கடை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஒரு தலைவரின் கருணையில் கிடைத்த பாதுகாப்பு அடுத்தவரின் கருத்துக்கு ஏற்ப மாறிவிடும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை. ஜாம்பியாவின் லுசாகாவில் 2018 ஜனவரியில் காலரா பரவியபோது ராணுவத்தைக் கொண்டு தெருக்கடைகளை அகற்றினார்கள். குடிநீரும் கழிவுநீரும் கலக்கும் குடியிருப்புகள் அப்படியே இருந்தன.

அகற்றியவர்களை எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு எல்லா நகரங்களும் தரும் பதில் ஒன்றுதான்: புதிய சந்தைக் கட்டடம். தார் எஸ் சலாமில் 2010ஐ ஒட்டிக் கட்டி முடித்த மச்சிங்கா வளாகம் பல ஆண்டுகள் பாதி காலியாகவே கிடந்தது. காரணம் எளியது. துணிக்கடைக்கு மக்கள் தேடிக்கொண்டு போவார்கள். நாலு வாழைப்பழம் வாங்க யாரும் மாடி ஏறுவதில்லை. வேலை முடிந்து பேருந்தைப் பிடிக்க நடக்கிறவர், வழியில் கண்ணில் பட்டதால் வாங்குகிறார். அந்த நடைவழியிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி உட்காரவைத்தால் கூரையும் குழாயும் இருந்தும் வியாபாரம் இருக்காது. இடம் என்பது தெருவோர வியாபாரத்தில் சரக்குக்கு அடுத்த முதல். வாடகைக் கணக்கில் வராததால் நகரத் திட்டக்காரர்கள் அதை மதிப்பிடுவதில்லை.

வார்விக் சந்திப்பில் 1990களின் நடுவில் தொடங்கிய சீரமைப்புத் திட்டம் இந்த இடத்தில்தான் வேறுபட்டது. மாநகராட்சியின் பல துறைகள் ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்து, வியாபாரிகளை வகை வகையாகச் சந்தித்துப் பேசின. ஜூலு மொழியில் ‘உமுத்தி’ எனப்படும் மூலிகை மருந்து விற்றவர்கள் நடைபாதையில் மழையிலும் வெயிலிலும் கிடந்தார்கள். கட்டி முடிக்காமல் விட்ட மேம்பாலத் துண்டுகள் அருகிலேயே வீணாக நின்றன. அவற்றின் மேலேயே மூலிகைச் சந்தை அமைந்தது. ரயில் நிலையத்துக்குப் போகும் கூட்டம் அதன் வழியாகவே நடக்கும்படி பாலங்களால் இணைத்தார்கள். மாட்டுத் தலையை அவித்து விற்கும் பெண்களின் கொழுப்புக் கழிவு சாக்கடைகளை அடைத்தது. அவர்களைத் தடைசெய்வதற்குப் பதில் அந்தச் சமையலுக்கு ஏற்ற அடுப்பு மேடையும் கழிவு வடிகாலும் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு வடிவமைத்தார்கள். தீ மூட்டுவது குற்றம் என்பதால் துரத்தப்பட்ட சோளக்கதிர் சமைப்பவர்களுக்குத் தனி இடம் கிடைத்தது. இந்தப் பேச்சுவார்த்தைகளில் பெண்களின் குரல் எழுந்ததற்கு, 1994இல் டர்பனில் தோன்றிய சுயதொழில் பெண்கள் சங்கமும் ஒரு காரணம். அகமதாபாத்தின் ‘சேவா’ சங்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு அமைந்த சங்கம் அது.

விதி என்பதே வேண்டாம் என்று வியாபாரிகள் கேட்கவில்லை என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. நடைபாதை முழுவதையும் அடைத்தால் சக்கர நாற்காலியில் வருபவர் வண்டிச் சாலையில் இறங்க வேண்டியிருக்கும் என்பது உண்மை. வாடகையும் வரியும் கட்டும் கடைக்காரரின் மனக்குறையிலும் நியாயம் உண்டு. ஆனால் தண்ணீர், விளக்கு, கழிப்பறை, இரவில் சரக்கு வைக்க ஓர் அறை ஆகியவற்றுக்கு ஈடாகக் கட்டணம் கட்ட ஆயத்தமாக இருப்பவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்கள் தெருவோர வியாபாரிகளே. கட்டணம் வாங்கிக்கொண்டு அந்த நான்கையும் தராத விதியைத்தான் அவர்கள் எதிர்க்கிறார்கள்.

வார்விக்கின் பெருமையும் நிலையாக நிற்கவில்லை. 2010 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை முன்னிட்டு, 1934ஆம் ஆண்டின் அதிகாலைச் சந்தையை இடித்துப் பேரங்காடி கட்ட 2009இல் அதே மாநகராட்சி முடிவு செய்தது. எதிர்த்து நின்ற வியாபாரிகள் மீது காவல் துறை ரப்பர் குண்டுகளால் சுட்டது. காய்கறி விவசாயிகளின் பேரப்பிள்ளைகளான இந்திய வம்சாவளி வியாபாரிகளும், அங்கே கைவண்டி இழுத்த ஆப்பிரிக்கத் தொழிலாளர்களும், நடைபாதைக் கடைக்காரர்களும் ஒன்றாக நின்றார்கள், வழக்குகள் நடந்தன, 2011இல் மாநகராட்சி தன் முடிவைத் திரும்பப் பெற்றது. பத்தாண்டு உழைப்பில் கட்டிய நம்பிக்கையை ஒரு பெரிய விழாவுக்கான அவசரம் சில மாதங்களில் உடைத்தது. பேச்சுவார்த்தை அதிகாரிகள் சிலரின் நல்லெண்ணத்தில் தங்கியிருந்ததும், கட்டாயமாகக் கலந்து பேச வேண்டும் என்று துணைவிதியில் எழுதப்படாததும் அதற்கு இடம் கொடுத்தன.

உரிமத்தின் சுமை எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. பிற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த அகதிகளுக்குத் தென்னாப்பிரிக்காவில் அது இரட்டைச் சுமை. லிம்போபோ மாகாணத்தில் 2012இல் காவல் துறை வெளிநாட்டவரின் சிறு கடைகளை மூடியபோது, சோமாலியர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல், அகதிகளும் தஞ்சம் கோருவோரும் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2020 மார்ச் 26 அன்று கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது பேரங்காடிகள் திறந்திருந்தன. தெருவில் காய்கறி விற்பவர்கள் வீட்டுக்குள் அடைக்கப்பட்டார்கள். ஒரு வாரத்துக்குப் பின் அவர்களுக்கும் அனுமதி கிடைத்தது, மாநகராட்சியின் எழுத்துமூல ஒப்புதல் இருந்தால் மட்டும். கோடு போட்டு எண் கொடுக்கப்படாத பழக்காரி அந்த ஒப்புதலை எந்த ஆவணத்தைக் காட்டி வாங்குவார்?

1991ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி, எவ்வளவு சிறிய வியாபாரமாக இருந்தாலும் உரிமம் கட்டாயம் என்று ஆக்கும் வரைவு ஒன்றைத் தென்னாப்பிரிக்க அரசு 2013இல் வெளியிட்டது. கடும் எதிர்ப்பால் அது அப்போது நிறைவேறவில்லை. வணிக உரிமங்களுக்கான மற்றொரு வரைவு 2025இல் பொதுமக்கள் கருத்துக்காக வெளியாயிற்று. அதைப் படிப்பவர்கள் கட்டணம், தண்டனை, அதிகாரி ஆகிய பிரிவுகளோடு நின்றுவிடாமல், 1993ஆம் ஆண்டுத் திருத்தத்தின் அந்தச் சிறிய நிபந்தனையையும் தேட வேண்டும்: இந்தத் தடையால் எத்தனை பேர் தொழிலை விட்டு விரட்டப்படுவார்கள் என்று எண்ணிப் பார்த்த பிறகே தடை விதிக்க வேண்டும் என்ற கட்டளை புதிய சட்டத்தில் இருக்கிறதா, இருந்தால் எண்ணப் போவது யார், எண்ணாமல் விட்டால் வியாபாரி யாரிடம் போய்க் கேட்கலாம் என்பதை.